கடை சர்வரில் புது விண்டோஸ்: மேலேற்றுவதா, புதிதாகப் போடுவதா?

காரைக்குடி செக்காலை ரோட்டுத் துணிக்கடை, புதுவயல் அரிசி ஆலை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பெரிய வீடு என்று எதை எடுத்தாலும் கணினி அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒரு டவர் சர்வர், அதில் டாலி, கூடவே பில்லிங் அல்லது ரூம் புக்கிங் சாப்ட்வேர், நாலைந்து கணினிகள், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். சர்வர் பத்து வருடத்துக்கு முன் வாங்கியது என்றால் உள்ளே பெரும்பாலும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இருக்கும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பணம் கட்டி வாங்கும் நீட்டிப்புக்கும் 2026 அக்டோபர் 13 தான் கடைசி.

மெஷின் ஓடிக்கொண்டே இருப்பதால் முதலாளிக்கு இது உறைப்பதில்லை. முதலில் மக்கர் பண்ணுவது பிரவுசர். இந்த விண்டோஸுக்குக் கிடைத்த கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. அதற்குப் பிறகு வங்கித் தளங்களும் வரித் தளங்களும் ஒவ்வொன்றாகத் தகராறு செய்யத் தொடங்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிவிட்ட நிலையில், சர்வரிலிருந்து நேராக பில் பதிவேற்றும் கடைகளுக்கு இது தள்ளிப்போடக்கூடிய வேலையாக இல்லை.

இருக்கிற விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றலாம். அல்லது டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போடலாம். இந்த வயதுச் சர்வர்களுக்கு நாங்கள் சொல்வது மூன்றாவது ஒன்று: பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, புது டிஸ்க்குகளில் புதிதாகப் போடுங்கள். வேலை கெட்டுப்போனால் பழைய டிஸ்க்குகளைத் திரும்பச் செருகினால் மறுநாள் காலையில் கடை வழக்கம்போலத் திறக்கும். வேறெந்த பேக்கப்பும் இவ்வளவு வேகமாகக் கைகொடுக்காது.

முதலில் விண்டோஸ் போடும் டிவிடி விஷயம். பழைய சர்வர்களில் டிவிடி டிரைவ் இருக்கிறது, வாங்கியபோது வந்த டிவிடியும் பீரோவில் இருக்கிறது. அந்த டிவிடி சில சமயம் ஆர்ஓகே எனப்படும் வகை, அதாவது சர்வர் தயாரித்த நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்டது. அது மெஷினைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பார்த்து அந்த நிறுவனத்தின் மெஷினில் மட்டும் ஏறும், வேறு பிராண்டில் போட்டால் மறுத்துவிடும். 2012 ஆர்2 ஐஎஸ்ஓ (முழு டிவிடியும் ஒரே ஃபைலாக உள்ள வடிவம்) 4.7 ஜிபி டிவிடியில் அடங்கியது. 2019-உம் 2022-உம் 5 ஜிபி அளவுக்கு வந்துவிட்டதால் சாதாரண டிவிடியில் கொள்ளாது, 8.5 ஜிபி டூயல் லேயர் டிவிடி வேண்டும். எழுதும்போது ஐஎஸ்ஓவை ஒரு ஃபைலாக இழுத்துப் போடாமல் ‘பர்ன் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மிகக் குறைந்த வேகத்தில் எழுதி, கடைசியில் சரிபார்ப்பையும் ஓட விடுங்கள். அதற்கு முன்பே, இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-256 எண்ணை மைக்ரோசாப்ட் தரும் எண்ணோடு ஒப்பிட்டுவிட வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த ஃபைல் உதவாது.

இங்கே தூசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அரிசி ஆலையில் தவிட்டுத் தூசி, டைல்ஸ் பட்டறையில் சிமென்ட்டும் வண்ணப் பொடியும், பழைய வீடுகளில் சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு. வருடக்கணக்கில் திறக்காத டிவிடி டிரைவின் லென்ஸில் இவை படிந்திருக்கும். இன்ஸ்டாலேஷன் 30, 40 சதவீதத்தில் நின்று, தேவையான ஃபைல்களைப் படிக்க முடியவில்லை என்று 80070570 அல்லது 8007045டி என முடியும் பிழை எண் வந்தால் முதல் சந்தேகம் டிவிடியும் லென்ஸும்தான். டிவிடியை மாற்றியும் அதே பிழை வந்தால் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். வேறு கணினியில் சரியாகப் படிக்கும் டிவிடி சர்வரில் திணறினால், யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்றை வைத்துக்கொள்வது வேலையை மிச்சப்படுத்தும்.

பென் டிரைவில் போடுவோர் கவனிக்க வேண்டியது வேறு. ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வைக்க முடியாது. புதிய சர்வர் பதிப்புகளில் இன்ஸ்டால்.விம் என்ற ஃபைல் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. சாதாரணமாகக் காப்பி செய்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும் போகாமல் நிற்கும், கவனிக்காமல் விட்டால் பூட் ஆகி நடுவழியில் நின்றுவிடும். ரூஃபஸ் போன்ற கருவி இதைத் தானே சமாளிக்கும். இல்லையென்றால் விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கட்டளையால் அந்த ஃபைலை இரண்டாகப் பிரித்து வைக்கலாம்.

இனி, மேலேயே ஏற்றுவதில் என்ன சிக்கல் என்று பார்ப்போம். 2012 ஆர்2-இலிருந்து நேரடியாக 2016-க்கும் 2019-க்கும் போகலாம். 2022-க்கு நேர்வழி இல்லை, இடையில் ஒரு படி நின்று போக வேண்டும். 2024 நவம்பரில் வந்த சர்வர் 2025-இல் இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு 2012 ஆர்2-இலிருந்தே ஏறலாம் என்றாகியிருக்கிறது. ஆனால் அதற்கு எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் உள்ள பிராசஸர் வேண்டும், பழைய சர்வர்களில், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு கார்டின் டிரைவரும் ஒத்துவர வேண்டும்.

செட்டப் ஓடும்போது ‘ஃபைல்களையும் அப்ளிகேஷன்களையும் வைத்துக்கொள்’ என்ற வரி மங்கலாகி, தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்பது அடிக்கடி வரும் கேள்வி. இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, மொழி. பழைய விண்டோஸ் ‘இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ ஆகவும் புது டிவிடி ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ ஆகவும் இருந்தால் இரண்டும் ஆங்கிலம்தானே என்று செட்டப் விட்டுக்கொடுக்காது. இரண்டு, பதிப்பு. பட்டியலில் ‘டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதியிருக்கும் வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லாத வரி சர்வர் கோர், வெறும் கறுப்புக் கட்டளைத் திரை. பட்டியலில் கோர்தான் முதலில் நிற்கும் என்பதால் புதிதாகப் போடுகிறவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 2016 முதல், கோர் போட்ட பிறகு டெஸ்க்டாப்புக்கு மாற்ற வழியில்லை, மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான். 180 நாள் சோதனைப் பதிப்பைத் தெரியாமல் போட்டால் காலம் முடிந்ததும் மணிக்கொரு முறை சர்வர் தானாக அணையும்.

சர்வர் டொமைன் கன்ட்ரோலராக, அதாவது எல்லாக் கணினிகளின் லாகினையும் சரிபார்ப்பதாக, இருந்தால் மேலேயே ஏற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. புது மெஷினை டொமைனில் சேர்த்து, கன்ட்ரோலராக உயர்த்தி, பொறுப்புகளை மாற்றிய பிறகு பழையதை இறக்குவதுதான் சரியான முறை. ஆன்டிவைரஸை நிறுத்தி வைப்பது போதாது, நீக்கியே விட வேண்டும். இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளை இணைத்து ஓட்டும் டீமிங் இருந்தால் அதையும் கலைத்துவிட வேண்டும். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். இத்தனையும் செய்த பிறகும் பாதியில் பின்வாங்கினால், சி டிரைவில் மறைந்திருக்கும் பாந்தர் போல்டரில் உள்ள செட்டப்எர்ர்.லாக் ஃபைலின் கடைசி வரிகளில் காரணம் கிடைக்கும். பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய டிரைவராக இருக்கும்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகு கிடைப்பது பத்து வருடக் குப்பையோடு கூடிய புது விண்டோஸ். அதனால்தான் புது டிஸ்க் என்கிறோம். ஒரே ஒரு இடத்தில் இந்தக் கருத்து மாறும்: பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார், செட்டப் ஃபைல் யாரிடமும் இல்லை, கடை முழுவதும் அதை நம்பித்தான் நடக்கிறது என்றால் புதிதாகப் போட்டால் அதை மீண்டும் நிறுவ முடியாது. அப்போது குளோன்ஜில்லா என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து சர்வர் பூட் ஆகிறதா என்றும் பார்த்த பிறகு 2019-க்கு மேலேற்றலாம். அதற்கு 2029 ஜனவரி 9 வரை திருத்தங்கள் வரும். அந்தக் கெடுவுக்குள் வேறு சாப்ட்வேருக்கு மாற வேண்டும்.

மற்றவர்களுக்கு 2022 பொருத்தமானது, 2031 அக்டோபர் 14 வரை ஆதரவு உண்டு. பழைய 2012 லைசென்ஸ் கீ இதற்குச் செல்லாது. 2016 முதல் லைசென்ஸ் பிராசஸர் கணக்கிலிருந்து, பிராசஸருக்குள் இருக்கும் கோர்களின் கணக்குக்கு மாறிவிட்டது, சர்வருக்குக் குறைந்தபட்சம் 16 கோர்களுக்கு வாங்க வேண்டும். பயனர்கள் சர்வரோடு இணைவதற்கான லைசென்ஸான சிஏஎல்லும் புதிதாக வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போது இதைச் சேர்த்துக் கேளுங்கள், பிறகு தனியாக வந்தால் பட்ஜெட் இடிக்கும்.

வாங்க வேண்டிய பொருட்கள்: சர்வருக்கு ஏற்ற 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1-க்கு, அதாவது ஒன்றின் நகலாக மற்றொன்று. முன்பக்கமாகச் செருகும் மாடல் என்றால் அந்த பிராண்டுக்குரிய கேடி (டிஸ்க்கைத் தாங்கிச் செருகும் தட்டு) இரண்டு. 3.5 அங்குலக் கேடியில் 2.5 அங்குல எஸ்எஸ்டியைப் பொருத்தும் சட்டமும் தேவைப்படலாம். இந்தக் கேடி காரைக்குடியில் கேட்டதும் கிடைத்துவிடும் என்று நம்பாமல் மதுரையிலோ திருச்சியிலோ சொல்லிவைத்து, கையில் வந்த பிறகே தேதி குறியுங்கள். எதையும் கழற்றுமுன் சர்வரின் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளர் தளத்திலிருந்து ரெய்டு, நெட்வொர்க் டிரைவர்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். எக்ஸிஇ வடிவில் வந்தால் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டப் கேட்பது அதைத்தான்.

தேதி குறிப்பதில் மின்வாரியமும் ஒரு தரப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரன்ட் இல்லாத நாள் எது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள், அந்த நாளைத் தவிர்க்க வேண்டும். யுபிஎஸ்ஸை நம்பி இறங்கக் கூடாது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு உள்ள யுபிஎஸ், 200 வாட் இழுக்கும் சர்வரை, புது பேட்டரியாக இருந்தாலும் அரை மணி நேரம் தாங்குமா என்பது சந்தேகம். ஜெனரேட்டர் உள்ள இடம் என்றால் அதற்கு டீசல் போட்டு வையுங்கள். மாதத்தில் ஜிஎஸ்டிஆர்-1 போடும் 11-ஆம் தேதியும் 3பி போடும் 20-ஆம் தேதியும் நெருங்கும் நாட்களில் இந்த வேலை வேண்டாம்.

முந்தைய நாள் இரவு டாலி டேட்டாவை எல்லோரும் வெளியேறிய பிறகு காப்பி எடுக்க வேண்டும். பில்லிங் சாப்ட்வேர் எஸ்க்யூஎல் சர்வரில் ஓடுகிறது என்றால் டேட்டாபேஸின் எம்டிஎஃப் ஃபைலை அப்படியே காப்பியடிக்காதீர்கள், முறையாக பேக்கப் கொடுத்து பிஏகே ஃபைல் எடுங்கள். எஸ்க்யூஎல் 2008 ஆர்2-இல் எடுத்த பிஏகே, எஸ்க்யூஎல் 2019-இல் ரீஸ்டோர் ஆகும். பழைய 2008 ஆர்2-ஐயே புது விண்டோஸில் போட முயல வேண்டாம், அதற்கு ஆதரவு கிடையாது. எஸ்க்யூஎல் 2019-இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளரக் கூடாது என்ற வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரி, ஷேர் பெயர்கள், யாருக்கு எந்த போல்டரில் அனுமதி, பிரிண்டர் பெயர்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வையுங்கள். சர்வரின் பெயரும் ஐபியும் பழையபடியே இருந்தால் மற்ற கணினிகளில் கைவைக்கும் வேலை பெருமளவு குறையும். டாலி லைசென்ஸைப் பழைய விண்டோஸிலேயே சரண்டர் செய்துவிட்டால் புதியதில் சிக்கலின்றி ஆக்டிவேட் ஆகும். ஒருவேளை பழைய டிஸ்க்குக்கே திரும்ப நேர்ந்தால் அங்கேயும் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டியிருக்கும், அதனால் சீரியல் எண்ணும் பதிவு செய்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும்.

சர்வரை ஸ்டார்ட் மெனு வழியாக முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் ரெய்டு கார்டின் கேஷில் எழுதப்படாத டேட்டா தங்கிவிடும். கரன்ட் கேபிளைப் பிடுங்கிய பிறகு, பழைய டிஸ்க்குகள் ஒவ்வொன்றிலும் ஸ்லாட் எண்ணை மார்க்கரால் எழுதிவிட்டுக் கழற்றுங்கள். புதியவற்றைச் செருகி ஆன் செய்தால், டெல்லின் ரெய்டு கார்டான பெர்க் ‘முந்தைய டிஸ்க்குகள் எதையும் காணோம்’ என்று நிற்கும். அது எதிர்பார்த்ததுதான். உள்ளே போய்ப் புது ரெய்டு 1 உருவாக்குங்கள். பிற்பாடு பழைய டிஸ்க்குகளைத் திரும்பச் செருக நேர்ந்தால் அதே கார்டு அவற்றை ‘ஃபாரின்’ என்று காட்டும். அப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது ‘இம்போர்ட்’. ‘கிளியர்’ கொடுத்தால் ரெய்டு அமைப்பு அழிந்துவிடும், பத்திரப்படுத்தியதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

பூட் மெனுவுக்கு டெல், எச்பி இரண்டிலும் எஃப்11. ஒரே டிவிடி அங்கே இரண்டு வரிகளாகத் தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புதிய பூட் முறை) என்று இருக்கும். சர்வர் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில் பூட் செய்யாவிட்டால், டிஸ்க் ஜிபிடி வகை என்றோ எம்பிஆர் வகை என்றோ சொல்லி செட்டப் மறுக்கும். எச்பி ஜென்8 மாடல்களில் பெரும்பாலானவை பழைய பயாஸ் மட்டுமே உள்ளவை. அவற்றில் பூட் ஆகும் டிரைவ் 2 டிபிக்குள் இருக்க வேண்டும். 480 ஜிபி என்றால் கவலையில்லை, பெரிய டிஸ்க் போடுகிறவர்கள் விண்டோஸுக்கென்று சிறிய லாஜிக்கல் டிரைவ் ஒன்றைத் தனியே பிரிக்க வேண்டும்.

‘ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள்’ என்று சில விநாடிகளே காட்டும், அதற்குள் அழுத்த வேண்டும். ஃபைல்கள் ஏறி முதல் ரீஸ்டார்ட் ஆனதும் அதே வரி மறுபடி வரும். அப்போது எதையும் தொடக் கூடாது. தொட்டால் டிவிடியிலிருந்து செட்டப் முதலிலிருந்து தொடங்கும்.

எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் டிஸ்க் எதுவும் தெரியாமல் வெறுமையாக இருந்தால் டிஸ்க் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். ‘லோட் டிரைவர்’ அழுத்தி, பென் டிரைவில் எடுத்து வைத்த ரெய்டு டிரைவரைக் காட்டினால் தோன்றிவிடும். மதர்போர்டிலேயே அமைந்த மலிவு ரெய்டுகளில் இது அநேகமாக எப்போதும் தேவைப்படும். டிரைவர் டிவிடியைப் போடுவதற்காக விண்டோஸ் டிவிடியை வெளியே எடுத்திருந்தால் திரும்பப் போட்டு ‘ரெஃப்ரெஷ்’ கொடுக்க வேண்டும். சி டிரைவுக்கு 150 ஜிபி ஒதுக்கி மிச்சத்தை டேட்டாவுக்கு விடுங்கள். அடுத்த முறை சி-யை மட்டும் துடைத்தால் போதும்.

விண்டோஸ் வந்த கையோடு இரண்டு அமைப்புகளை மாற்றியாக வேண்டும். நேர மண்டலம் அமெரிக்காவுக்கு இருக்கும், அதைச் சென்னை, கொல்கத்தா என்றுள்ள வரிக்கு மாற்றுங்கள். தேதி வடிவம் மாதம்-நாள்-வருடம் என்று இருக்கும், அதை நாள்-மாதம்-வருடம் ஆக்குங்கள். விண்டோஸின் தேதி வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் பில்லிங் சாப்ட்வேர்கள், இதை மாற்றாமல் விட்டால் 5-ஆம் மாதம் 6-ஆம் தேதியை 6-ஆம் மாதம் 5-ஆம் தேதியாக எழுதிவிடும். 12-ஆம் தேதி வரை பிழையே காட்டாது, 13-ஆம் தேதிதான் முட்டும். அதற்குள் பல நாள் பில்கள் தப்பான மாதங்களில் சிதறியிருக்கும். வெல்கம் ஸ்கிரீனுக்கும் புதிய பயனர்களுக்கும் இதே அமைப்பைக் காப்பி செய்யும் வசதி ரீஜன் பகுதியின் நிர்வாகத் தாவலில் இருக்கிறது, அதையும் செய்தால்தான் சர்வீஸாக ஓடும் சாப்ட்வேர்களுக்கும் பொருந்தும்.

டிவிடியில் இருப்பது அது தயாரான நாளின் விண்டோஸ். அதற்குப் பிறகு வந்த ஓட்டைகள் எல்லாம் திறந்தே இருக்கும். எனவே கடை நெட்வொர்க்கில் இணைப்பதற்கு முன்பே, அண்மைய மாதத்தின் ஒட்டுமொத்தத் திருத்தத்தை வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள்.

நெட்வொர்க்கில் சேர்த்ததும் சில பழைய கருவிகள் சர்வரைப் பார்க்க மறுக்கலாம். சர்வர் 2019 முதல், எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை புது நிறுவலில் இருப்பதில்லை. எக்ஸ்பி ஓடும் பில்லிங் கவுன்டர், ஸ்கேன் செய்து போல்டருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஆகியவை அதை மட்டுமே அறிந்தவை. எஸ்எம்பி1-ஐத் திறந்துவிட்டால் உடனே வேலை நடக்கும், ஆனால் 2017-இல் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற நச்சு நிரல் புகுந்த வழி அதுதான். ஜெராக்ஸ் மெஷினுக்கு ஸ்கேனை எஃப்டிபி வழியாகவோ பென் டிரைவிலோ எடுக்கலாம். எக்ஸ்பி கணினியை மாற்றியே ஆக வேண்டும்.

பள்ளி, கல்லூரிகளில் லினக்ஸ் சர்வர் உண்டு. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கு மாற்றான ஆல்மாலினக்ஸ், ராக்கி போன்றவற்றுக்குப் போகுமுன் இரண்டு வன்பொருள் தடைகளைப் பாருங்கள். இவற்றுக்கு அடிப்படையான ரெட்ஹேட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலேயே பழைய ரெய்டு கார்டுகள் பலவற்றின் ஆதரவு நீக்கப்பட்டது, டெல் எச்310 அதில் ஒன்று. இன்ஸ்டாலர் பூட் ஆகும், டிஸ்க் தெரியாமல் போகலாம். ஈஎல்ரெப்போ என்ற தளம் தரும் டிரைவர் டிஸ்க்கைப் பூட் நேரத்தில் கொடுத்தால் தாண்டலாம். அடுத்தது பிராசஸர். பிராசஸர்களின் திறன் நிலைகளில் 9-ஆம் பதிப்புக்கு எக்ஸ்86-64-வி2, 10-ஆம் பதிப்புக்கு வி3 தேவை. வி3 என்றால் ஏவிஎக்ஸ்2 உள்ள, இன்டெலில் 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. ஆல்மாலினக்ஸ் மட்டும் 10-இல் வி2-க்கென்று தனிப் பதிப்பு தருகிறது.

இணையம் மெதுவாக இருக்கும் இடத்தில் டிவிடியிலிருந்தே மேலேற்ற டெபியன் வசதியானது. முதல் டிவிடி சாதாரண 4.7 ஜிபி தட்டில் அடங்கும். ஆப்ட்-சிடிராம் கட்டளையால் அதைப் பட்டியலில் சேர்த்து, சோர்ஸஸ் ஃபைலில் பழைய பதிப்பின் வரிகளை முடக்கி, முதலில் புதுப் பொதிகள் சேராத சிறு மேம்படுத்தலையும் பிறகு முழு மேம்படுத்தலையும் ஓட்ட வேண்டும். 10-இலிருந்து 12-க்குத் தாவ முடியாது, 11-இல் நின்றுதான் போக வேண்டும். தொலைவிலிருந்து செய்வதானால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறி இணைப்பு அறுந்துபோகலாம். மானிட்டரும் கீபோர்டும் சர்வரோடு இணைந்திருக்கட்டும், அருகில் ஒருவர் இருக்கட்டும்.

கழற்றிய பழைய டிஸ்க்குகளை எப்போது வேறு வேலைக்கு எடுக்கலாம்? ஒரு முழு மாதக் கணக்கு புதுச் சர்வரில் முடிந்து, 3பி தாக்கலாகி, ஆடிட்டர் கேட்ட ரிப்போர்ட் எல்லாம் வந்த பிறகு. அதுவரை ஈரம் படாத இடத்தில், ஆன்டிஸ்டாட்டிக் உறையில், ஸ்லாட் எண்ணும் கழற்றிய தேதியும் எழுதி பீரோவில் பூட்டி வையுங்கள். அந்த டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு ஃபைல் தேவைப்பட்டால், அதை நேராக வேறு கணினியில் செருகிப் பார்க்காதீர்கள். விண்டோஸ் ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்கும், யாராவது ஒருவர் சரி என்று அழுத்திவிட்டால் ரெய்டு தகவல் போய்விடும். ஃபைல்களை முந்தைய நாள் எடுத்த காப்பியிலிருந்து எடுங்கள். அந்த டிஸ்க்குகளை அதே சர்வரின் அதே ஸ்லாட்டுகளில் மட்டும் செருகுங்கள்.